முழு லப்டொப்பையும் டோருக்குள் விடலாமா?

கேள்வி:

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறேன். ஊரையும் பெயரையும் எழுதவில்லை, குறை நினைக்கவேண்டாம். வலிந்து காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்காக வேலை செய்கிற சிறு குழு ஒன்றில் இருக்கிறேன். முறைப்பாட்டுப் பிரதிகள், வாக்குமூலங்கள், பழைய படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி, ஒழுங்குபடுத்தி, கொழும்பில் ஒரு சட்டத்தரணிக்கும் கனடாவில் ஒருவருக்கும் அனுப்புவது என் பொறுப்பு. என்னிடம் இருப்பது பழைய லப்டொப், 4 ஜிபி ராம், லினக்ஸ் மின்ட். என் அடையாள அட்டையில் எடுத்த சிம் போட்ட றூட்டரில்தான் இணையம்.

கனடாவில் இருக்கிற மச்சான் யூடியூப் வீடியோ ஒன்று அனுப்பினார். அதில் சொன்ன ஸ்கிரிப்டை ஓடவிட்டு, லப்டொப்பின் இணையப் போக்குவரத்து முழுவதையும் டோர் வழியாகத் திருப்பிவிட்டேன். ஐபி முகவரி ஜெர்மனி என்று காட்டியது, சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் தலையிடி. முகநூல் அடையாள அட்டைப் படம் கேட்கிறது. வேறு நாட்டிலிருந்து யாரோ நுழைகிறார்கள் என்று ஜிமெயில் எச்சரிக்கிறது. சூம் கூட்டத்துக்குள் போகவே முடியவில்லை. மற்றதெல்லாம் ஆமை வேகம்.

இதைச் சரிக்கட்ட வழி உண்டா? இப்படியே விட்டால் நான் யாரென்று ஒருவருக்கும் தெரியாதா? இது சட்டப்படி பிழையா?

இப்படிக்கு,
ஒரு தங்கை

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு லப்டொப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். டோர் நல்ல கருவி. உங்கள் வேலைக்கு அது தேவையும்கூட. ஆனால் உங்கள் பெயரில் நடக்கிற வேலையையும் பெயர் தெரியாமல் நடக்கவேண்டிய வேலையையும் ஒரே குழாய்க்குள் விட்டால், இரண்டாவது வேலைக்குக் கிடைக்கவேண்டிய மறைவு கிடைக்காது. நீங்கள் சொன்ன தலையிடி எல்லாம் இந்தக் கலப்பினால் வந்தவை.

டோர் எதை மறைக்கிறது?

இதன் அடிப்படை யோசனை 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் பிறந்தது. 2002இல் வலையமைப்பு ஓடத் தொடங்கியது. 2006இலிருந்து டோர் திட்டம் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது. உலகெங்கும் தொண்டர்கள் நடத்துகிற ஆயிரக்கணக்கான கணினிகள்தான் இந்த வலையமைப்பு. நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது உங்கள் தரவு மூன்று மடங்கு குறியாக்கம் செய்யப்பட்டு, இவற்றில் மூன்று கணினிகள் வழியாகப் போகிறது. முதலாவதற்கு உங்கள் ஐபி முகவரி தெரியும், போகுமிடம் தெரியாது. மூன்றாவதற்குப் போகுமிடம் தெரியும், நீங்கள் யாரென்று தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டும் தெரியாது.

உங்கள் சிம் நிறுவனத்துக்கு என்ன தெரியும் என்பதைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள், என்ன அனுப்பினீர்கள் என்பது தெரியாது. ஆனால் இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை டோர் பாவித்தீர்கள், இத்தனை மெகாபைட் போனது என்பது தெரியும். டோர் கணினிகளின் முகவரிப் பட்டியல் பகிரங்கமானது. யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடைசிக் கணினியிலும் ஒரு சங்கதி உண்டு. 2007இல் டான் எகர்ஸ்டாட் என்ற சுவீடன்காரர் டோரின் கடைசிக் கணினிகள் ஐந்தைத் தானே நடத்தி, அவற்றின் வழியே வெளியேறியதைக் கவனித்தார். இந்தியத் தூதரகங்கள் உட்படப் பல தூதரகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்கள் திறந்தபடி அவர் கையில் விழுந்தன. டோரை யாரும் உடைக்கவில்லை. குறியாக்கம் இல்லாத மின்னஞ்சல் இணைப்பை டோருக்குள் விட்டவர்களின் பிழை அது. ஆகவே டோருக்குள்ளும் எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்தில் எதையும் நிரப்பாதீர்கள்.

உங்கள் தலையிடிகளுக்குக் காரணம்

முகநூலும் ஜிமெயிலும் உங்களை ஐபி முகவரியால் அல்ல, கணக்கால் அறிகின்றன. நேற்று வரை முல்லைத்தீவிலிருந்து நுழைந்தவர் இன்று ஜெர்மனி, பத்து நிமிடத்தில் ருமேனியா என்று மாறினால், கணக்கு திருட்டுப் போனதாகவே அவை நினைக்கும். கடவுச்சொல் போட்டு உள்ளே போன கணத்திலேயே அந்தத் தளத்துக்கு நீங்கள் யாரென்று தெரிந்துவிட்டது. எந்த நாட்டு ஐபி காட்டினாலும் அதில் மாற்றமில்லை.

சூமுக்குக் காரணம் வேறு. டோர் டிசிபி வகைப் போக்குவரத்தை மட்டுமே சுமக்கும். குரலும் காணொளியும் பெரும்பாலும் யூடிபியில் போகும், அதற்கு டோரில் வழியில்லை. டிசிபியில் போக முயன்றாலும் மூன்று கணினி சுற்றி வரும் தாமதம் உரையாடலைக் கெடுக்கும். இதைச் சரிக்கட்ட வழியில்லை. சூம் கூட்டத்தைச் சாதாரண இணைப்பில் நடத்துங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. டோர் பிரவுசர் தான் திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு பாதை எடுக்கும். முழுக் கணினியையும் திருப்பிவிடும் ஸ்கிரிப்டில் அந்தப் பிரிப்பு இல்லை. எல்லா நிரல்களும் ஒரே பாதையைப் பங்குபோடக்கூடும். உங்கள் பெயரில் உள்ள முகநூலும் பெயர் வேண்டாத பதிவேற்றமும் ஒரே நேரத்தில் ஒரே கடைசிக் கணினியால் வெளியேறினால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது கடினமில்லை. போதாததற்கு, நீங்கள் சாதாரண ஃபயர்ஃபொக்ஸில்தான் உலாவுகிறீர்கள். எழுத்துருக்கள், திரை அளவு, மொழி அமைப்பு எல்லாம் சேர்ந்து அதற்கென்று ஒரு தனி முகம் உண்டு. லினக்ஸ் மின்ட்டில் தமிழ் எழுத்துருக்களோடு உலாவுகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் லப்டொப் சும்மா இருக்காது. ஸ்கிரிப்டை நிறுத்தியபின், உலாவியைத் திறக்காமல், டெர்மினலில், வெளியே போகும் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப் நிரலை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். லப்டொப் நேரம் சரிபார்க்க ஒரு வழங்கிக்குப் போகும். புதுப்பிப்பு இருக்கிறதா என்று மின்ட்டின் வழங்கியைக் கேட்கும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இன்னோர் இடத்துக்குப் போகும். டெலிகிராமோ டிரொப்பொக்ஸோ இருந்தால் அவையும் உங்கள் கணக்கோடு போய்க் கதவு தட்டும். ஸ்கிரிப்ட் ஓடும்போது இத்தனையும் உங்கள் இரகசிய வேலையோடு கூட்டுச் சேர்கின்றன.

யாருக்கும் தெரியாதா?

வற்றாப்பளை அம்மன் பொங்கல் இரவில் சனத்துக்குள் நின்றால் உங்களை யாரும் தனியாகக் கவனிக்கமாட்டார்கள். அதே நீங்கள் உங்கள் ஒழுங்கையில் முகத்தை மூடிக்கொண்டு நடந்தால் முழுக் கிராமமும் பார்க்கும். டோர் தருகிற மறைவு கூட்டத்தின் மறைவு. உலக அளவில் அந்தக் கூட்டம் பெரியது. உங்கள் தொலைபேசிக் கோபுரத்தின் கீழ், உங்கள் ஊரில், அந்த நேரத்தில் டோர் பாவிப்பவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம்.

2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவன் அங்கேயே படித்த மாணவன். பரீட்சையைத் தள்ளிப்போட வேண்டும் என்பதுதான் நோக்கம். டோர் வழியாகத்தான் அனுப்பினான். புலனாய்வாளர்கள் டோரை உடைக்கச் சிரமப்படவில்லை. மின்னஞ்சல் டோரிலிருந்து வந்ததை அதன் தலைப்புத் தரவில் கண்டார்கள். அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையில் டோர் பாவித்தது யாரென்று பதிவேட்டைப் பார்த்தார்கள். நேரே அவன் அறைக் கதவைத் தட்டினார்கள். அவன் செய்தது குற்றம், பிடிபட்டது நல்லது. ஆனால் பிடிபட்ட விதத்தை நீங்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். அறிவியல் நகர் பொறியியல் பீடத்திலோ பம்பைமடு வளாகத்திலோ வைஃபையில் டோரைத் திறக்கிற மாணவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

இன்னொன்று. வன்னியில் கண்காணிப்பு இணையக் கம்பிக்குள் மட்டும் நடப்பதில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் தொடர் போராட்டம் தொடங்கிய, காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு, தம்மைப் படம் எடுத்தவர்களைப் பற்றிச் சொல்ல நிறையக் கதை உண்டு. வீட்டுக்கு வந்து விசாரிப்பதையும் போனில் அழைத்துக் கேட்பதையும் டோர் தடுக்காது.

அப்ப என்ன செய்வது?

அன்றாட வேலை, அதாவது முகநூல், ஜிமெயில், சூம், வங்கி எல்லாம் சாதாரண இணைப்பில், சாதாரண உலாவியில் போகட்டும். அவை உங்கள் பெயரில் இருப்பவை, ஒளிக்க ஒன்றுமில்லை.

வாசிப்பதற்கும் தேடுவதற்கும் டோர் பிரவுசர் போதும். டோர் திட்டத்தின் தளத்திலிருந்தே இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து நிறுவுங்கள். சாளரத்தின் அளவை மாற்றாதீர்கள், கூடுதல் எக்ஸ்டென்ஷன் எதுவும் போடாதீர்கள். எல்லோரும் ஒரே மாதிரித் தெரிவதில்தான் அதன் பலம். டெர்மினலில் ஓடும் ஒரு நிரலை மட்டும் டோர் வழியே அனுப்பவேண்டுமானால் டோர் சேவையை நிறுவி, டோர்சொக்ஸ் என்ற சிறு கருவியைக் கட்டளைக்கு முன்னால் போட்டால் சரி. அந்தச் சேவை 9050ஆம் போர்ட்டில் காத்திருக்கும், டோர் பிரவுசருடையது 9150. இரண்டையும் குழப்பிக்கொண்டு இணைப்பு வரவில்லை என்று நிற்பவர்கள் அதிகம்.

வாக்குமூலங்களைக் கையாளும் வேலைக்கு டெய்ல்ஸ் எடுங்கள். டெபியனை அடிப்படையாகக் கொண்ட இந்த லினக்ஸ் 2009இலிருந்து இருக்கிறது, 2024 செப்டம்பரில் டோர் திட்டத்தோடு இணைந்துவிட்டது. குறைந்தது 8 ஜிபி கொண்ட பென் டிரைவ் ஒன்றில் எழுதி, லப்டொப்பை அதிலிருந்து பூட் செய்யுங்கள். 4 ஜிபி ராமில் ஓடும். நீங்கள் அந்த ஸ்கிரிப்டால் செய்ய நினைத்ததை, முழுப் போக்குவரத்தும் டோர் வழியே, தப்பிப்போவதற்கு வழியில்லாமல், இதைத் தொழிலாகச் செய்தவர்கள் கட்டிவைத்திருக்கிறார்கள். அதில் உங்கள் முகநூலும் இல்லை, டெலிகிராமும் இல்லை. அணைத்தால் நினைவகத்தில் ஒன்றும் மிஞ்சாது. வைத்திருக்கவேண்டிய கோப்புகளுக்குக் கடவுச்சொல்லோடு ஒரு நிரந்தரச் சேமிப்பிடம் உருவாக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: அதற்குள் இருந்துகொண்டு உங்கள் சொந்தப் பெயரில் உள்ள கணக்கு எதையும் திறக்கக்கூடாது.

கோப்பு அனுப்ப, டெய்ல்ஸிலேயே ஒனியன்ஷெயார் இருக்கிறது. கோப்பு எந்த நிறுவனத்தின் வழங்கிக்கும் போகாது. உங்கள் லப்டொப்பே தற்காலிக வழங்கியாகி ஒரு முகவரி தரும். மறுபக்கத்தவர் டோர் பிரவுசரில் அதைத் திறந்து இறக்கிக்கொள்வார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்கவேண்டும் என்பதுதான் கரைச்சல். கனடாவோடு நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், மின்வெட்டு வராத நேரமாகவும் பாருங்கள். அந்த முகவரியை முகநூல் மெசெஞ்சரில் அனுப்பாதீர்கள். சிக்னல் செயலியில், மறையும் செய்தியாக அனுப்புங்கள்.

பழைய லப்டொப் என்கிறபடியால் ஒரு சின்னக் குறிப்பு. மதர்போர்டில் இருக்கிற நாணயம் அளவு பற்றரி செத்திருந்தால், அணைத்து ஏற்றும்போதெல்லாம் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போகும். நேரம் பிழையாக இருந்தால் டோர் இணையவே இணையாது. தடை போட்டுவிட்டார்கள் என்று பயப்படமுன் திகதியைப் பாருங்கள்.

இல்லை, மின்ட்டிலேயே முழுவதையும் திருப்பித்தான் பார்க்கவேண்டும் என்றால், கற்றுக்கொள்வதற்காகச் செய்யுங்கள். டோரின் அமைப்புக் கோப்பான டோர்ஆர்சியில் டிரான்ஸ்போர்ட்டை 9040 என்றும் டிஎன்எஸ்போர்ட்டை 5353 என்றும் திறக்கவேண்டும். ஐபிடேபிள்ஸ் என்ற தீச்சுவர் விதிகளில் டோர் சேவையின் சொந்தப் பயனரான டெபியன்-டோருக்கு மட்டும் நேரே வெளியே போக அனுமதி. 53ஆம் போர்ட்டுக்குப் போகும் பெயர்த் தேடல்களை 5353க்கும், மிச்ச டிசிபி முழுவதையும் 9040க்கும் திருப்பவேண்டும். இதோடு நிறுத்திவிடுகிற ஸ்கிரிப்டுகள் உண்டு, ஓட்டை அங்கேதான். மிஞ்சுகிற யூடிபியை வெட்டவேண்டும். ஐபிவி6 முழுவதையும் வெட்டவேண்டும். வெட்டாவிட்டால் ஐபிவி4 ஜெர்மனி என்று காட்டிக்கொண்டிருக்க, ஐபிவி6 உங்கள் உண்மை முகவரியோடு வெளியே போகும். செய்து முடித்தபின் டிசிபிடம்ப்பில் பாருங்கள்: வெளியே போகும் ஒவ்வொரு பொதியும் டோரின் நுழைவுக் கணினிக்கு மட்டுமே போகவேண்டும். வேறு ஒரு முகவரி தென்பட்டாலும் வேலை முடியவில்லை.

பிரிட்ஜ் தேவையா?

டோர் பாவிப்பதே தெரியக்கூடாது என்றால் பிரிட்ஜ் தேவை. பிரிட்ஜ் என்பது பகிரங்கப் பட்டியலில் இல்லாத நுழைவுக் கணினி. ஒப்எஃப்எஸ்4 வகை போக்குவரத்தை அடையாளமற்ற இரைச்சலாக மாற்றும். ஸ்னோஃப்ளேக் உலகெங்கும் உள்ள தொண்டர்களின் உலாவிகள் வழியே நுழையும். 2024இல் வந்த வெப்டனல் சாதாரண எச்டிடிபிஎஸ் தளத்துக்குப் போவதுபோலக் காட்டும். உங்கள் நிலைமையில் பிரிட்ஜோடு தொடங்குவதுதான் புத்தி. டெய்ல்ஸ் தொடங்கும்போதே இதைக் கேட்கும். முனைந்து தேடுகிறவர்கள் இதையும் கண்டுபிடிக்கலாம், ஆனால் பட்டியலை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு வேலை முடியாது.

தடை வருகிற நாளுக்கும் இது உதவும். தமிழ்நெற் தளம் 2007 ஜூனில் இலங்கையில் முடக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாம் ஒரு வாரமளவு நின்றன. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கின்போதும் அதேதான் நடந்தது. 2019இல் பிரபலமான விபிஎன் ஒன்றும் சேர்த்து முடக்கப்பட்டது. தடை வந்த பிறகு கருவியைத் தேடினால், இறக்கவேண்டிய தளமே திறக்காமல் இருக்கலாம். இன்றைக்கே இறக்கி வையுங்கள். விபிஎன் போதாதா என்று நினைக்கலாம். தடையைத் தாண்ட மட்டும் அது போதும். ஆனால் விபிஎன் நிறுவனத்துக்கு நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் தெரியும்.

சட்டப்படி பிழையா?

டோர் பாவிப்பதையே குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. பிரச்சினை கருவியில் இல்லை, அனுப்புகிற விடயத்தை மற்றவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்பதில் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், முகநூல் பதிவுக்காகவே கைதான இளைஞர்கள் வடக்கு கிழக்கில் இருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க் கூற்று என்று பார்க்க ஓர் ஆணைக்குழுவையும் உருவாக்கியிருக்கிறது. காணாமலாக்கப்பட்டோரின் ஆவணங்களைச் சேர்ப்பது நியாயமான வேலை. ஆனாலும் விசாரணைக்கு அழைத்தால் என்ன சொல்வது, லப்டொப்பைக் கேட்டால் என்ன செய்வது என்று சட்டத்தரணியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். அதை என்னால் சொல்லமுடியாது.

நான் சொல்லக்கூடியது, லப்டொப்பே கைமாறினால் டோரால் பயனில்லை என்பது. மின்ட்டை மீண்டும் நிறுவும்போது முழு டிஸ்க்கையும் குறியாக்கம் செய்யும் தெரிவை எடுங்கள். மூலப் பிரதிகளை அதில் வைக்காமல் டெய்ல்ஸின் நிரந்தரச் சேமிப்பிடத்தில் வையுங்கள். இன்னொரு பிரதி வேறொருவரிடம் இருக்கட்டும்.

கோப்புகளையும் கவனியுங்கள். ஒரு தாயின் வாக்குமூலத்தைப் போனில் படம் எடுத்தால், அந்த வீட்டின் ஜிபிஎஸ் புள்ளி, எடுத்த நேரம், போன் மாதிரி எல்லாம் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கலாம். லிப்ரே ஒபிஸில் தட்டச்சு செய்த ஆவணத்தில் உங்கள் பெயர் ஆசிரியர் என்று பதிவாகியிருக்கலாம். எத்தனை கணினி சுற்றிப் போனாலும் இவை கூடவே போகும். டெய்ல்ஸில் மெட்டாடேட்டா கிளீனர் இருக்கிறது. அனுப்பமுன் ஒவ்வொரு கோப்பையும் அதில் போட்டெடுங்கள், கோப்பின் பெயரில் ஆளின் பெயர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். ஆதாரமாகப் பயன்படக்கூடிய மூலத்தை மட்டும் மாற்றாமல் தனியே பத்திரப்படுத்துங்கள். நீதிமன்றத்துக்கு எடுத்த திகதியும் இடமும் தேவைப்படலாம்.

வேலையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்: ஸ்கிரிப்டை நிறுத்துவது, டோர் பிரவுசரை நிறுவுவது, டெய்ல்ஸ் பென் டிரைவ் தயாரிப்பது, தேவையில்லாத ஒரு படத்தை ஒனியன்ஷெயாரில் அனுப்பிப் பழகுவது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சட்டத்தரணியோடும் கனடாக்காரரோடும் பேசவேண்டும். நீங்கள் டெய்ல்ஸில் சுத்தம் செய்து டோர் வழியே அனுப்பியதை, ஒருவர் தன் ஜிமெயிலில் இணைத்து இன்னொருவருக்குத் தட்டிவிட்டால், அதில் உங்கள் பெயரும் ஊரும் எழுதியிருந்தால், இவ்வளவும் வீண். அவர்கள் இருவரும் டோர் பிரவுசரையும் சிக்னலையும் நிறுவியபிறகே முதல் வாக்குமூலத்தை அனுப்புங்கள்.